சாங்தாங்கில் சொகுசுக் கூடாரப் பயணம்: சாங்பா மேய்ப்பர்களோடு பத்து நாள், முழுமையான வழிகாட்டி

ஒரு நீல ஏரி, கரையில் வெள்ளைக் கூடாரம், வாசலில் இரண்டு சாய்வு நாற்காலி, ஓரமாக ஒரு யாக். லடாக் பக்கம் 'நாடோடிகளோடு சொகுசு முகாம்' என்று வரும் விளம்பரங்கள் எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அந்தப் படத்தில் நாடோடி மட்டும் இருக்க மாட்டார். பல பயணங்களிலும் அதே கதைதான். மூன்று நாள் முகாமில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, யாரோ ஒருவர் வீட்டுக் கூடாரத்தில் பத்து நிமிடம் எட்டிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். என் முதல் பயணமும் அப்படித்தான் போனது. அடுத்த முறை திட்டத்தை மாற்றினேன். முகாமைப் பார்த்து நாட்களை முடிவு செய்யாமல், மேய்ப்பர்களின் நாளைப் பார்த்து முகாமை முடிவு செய்தேன். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

எங்கே போகிறோம், யாரிடம் போகிறோம்

'சாங்' என்றால் வடக்கு, 'தாங்' என்றால் சமவெளி. திபெத்திலிருந்து லடாக்கின் தென்கிழக்கு மூலைக்குள் நீண்டு கிடக்கும் இந்த மேட்டுநிலம் பெரும்பாலும் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே ஆடு, செம்மறி, யாக் மேய்த்து வாழ்பவர்கள் சாங்பாக்கள். லே நகருக்குத் தெற்கே ருப்ஷு வட்டாரத்தில் கோர்சோக், சமத், கர்னாக் என மூன்று பெரிய மேய்ச்சல் குழுக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி மேய்ச்சல் நிலம், தனி இடமாற்ற வரிசை. எந்த மாதம் எந்தப் பள்ளத்தாக்கு என்பதைக் குழுவாகக் கூடித்தான் முடிவு செய்வார்கள். நினைத்த இடத்துக்கு நினைத்தபோது போகிறவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊரில் கீதாரிகள் கிடை போடும் ஒழுங்கு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

கர்னாக் குழுவில் பல குடும்பங்கள் மந்தையை விட்டுவிட்டு லே நகரை ஒட்டிய கர்னாக்லிங் குடியிருப்புக்கு வந்துவிட்டன. பிள்ளைகள் படிப்பு, மருத்துவம், குளிர்கால உழைப்பு எனக் காரணங்கள் பல. அதனால் கோர்சோக், சமத் மேய்ச்சல் நிலங்களை மையமாக வைத்துத் திட்டமிடுவது நல்லது. கோர்சோக் என்றால் சோ மோரிரி ஏரி. சமத் என்றால் சோ கார் ஏரி. 'சோ' என்றாலே ஏரிதான்.

எந்த மாதம்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. அதற்குள்ளும் எதைப் பார்க்க ஆசை என்பதைப் பொறுத்து மாறும்.

பஷ்மினா சீவுவதைப் பார்க்க வேண்டுமானால் ஜூன் பிற்பாதி, ஜூலை. குளிருக்காக ஆட்டின் மேல்மயிருக்கு அடியில் வளர்ந்த பஞ்சு போன்ற உள்மயிர் தானாகக் கழன்று வரும் பருவம் அது. ஆட்டைக் கிடத்தி, காலைக் கட்டி, வளைந்த பல் கொண்ட இரும்புச் சீப்பால் சீவி எடுப்பார்கள். ஓர் ஆட்டில் கால் கிலோ கிடைத்தால் நல்ல விளைச்சல். முள், அழுக்கு, முரட்டு மயிர் எல்லாம் நீக்கிய பிறகு அதில் பாதிகூடத் தேறாது. ஒரு இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான்தான்.

கோர்சோக் மடத்தின் குஸ்தோர் திருவிழா, முகமூடி நடனத்தோடு, கோடையில் வரும். திபெத்திய நாட்காட்டிப்படி நாள் குறிப்பதால் வருடா வருடம் தேதி மாறும். கேட்டுத் தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள். செப்டம்பரில் கூட்டம் குறைவு, வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் இரவில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும். ஜூலையிலேயே இரவுக் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

உயரம்: இதில் மட்டும் அவசரம் வேண்டாம்

லே 3,500 மீட்டர். சோ மோரிரி கரையில் இருக்கும் கோர்சோக் ஊர் 4,500 மீட்டருக்குச் சற்று மேல். ஒரே நாளில் காரில் போய்விடலாம், 220 கிலோமீட்டர்கூட இல்லை. சிக்கலே அதில்தான் இருக்கிறது. மலையில் 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான கணக்கு. விமானத்தில் லே வந்து இறங்கும்போதே அந்தக் கணக்கை மீறிவிட்டோம். மறுநாளே ஏரிக்குப் போனால் இரண்டாவது முறை மீறுகிறோம்.

என் முதல் பயணத்தில் ஏற்பாடு செய்தவர் 'இரண்டாம் நாளே ஏரி' என்று போட்டிருந்தார். நானும் தலையாட்டினேன். கூட வந்த நண்பர் அன்று இரவு முழுக்க வாந்தி எடுத்தார். தரையில் கம்பளம், கட்டிலில் மின்போர்வை, மேசையில் பழத்தட்டு எல்லாம் இருந்தும் விடியும்வரை யாரும் கண் மூடவில்லை. காலையில் சிந்து நதிக் கரைக்கு இறங்கிய பிறகுதான் அவர் முகத்தில் களை வந்தது.

ஆகவே: லேயில் இரண்டு முழு நாள், முதல் நாள் படுத்தே கிடங்கள். மூன்றாம் நாள் இன்னும் தாழ்வான இடத்துக்குப் போகலாம். நிம்முவில் சிந்துவும் சான்ஸ்காரும் கலக்கும் இடம், அப்புறம் ஆல்ச்சியின் பழைய சுவரோவியங்கள். பிறகு நடுவழியில் ஒரு இரவு, ஏறக்குறைய 4,000 மீட்டரில் இருக்கும் சுமாதாங்கில். அங்கே சிந்து நதி ஓரத்திலேயே வெந்நீர் ஊற்று பொங்குகிறது. அதற்கப்புறம்தான் ஏரி.

உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டையமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலைவலி, பசியின்மை, தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே இறங்குங்கள். ஆக்சிஜன் சிலிண்டர் இறங்கும் வழிக்குத் துணை, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு அங்கேயே தங்கப் பார்க்காதீர்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று: எந்த வழியாக இறங்குவது? கோர்சோக்கிலிருந்து லேக்கு இரண்டு வழி. சோ கார், தங்லாங் லா கணவாய் வழியாகப் போனால் 5,300 மீட்டர் வரை ஏறித்தான் இறங்க வேண்டும். மூச்சுத் திணறுபவரை அந்த வழியில் கொண்டுபோகக் கூடாது. நம்ஷாங் லா என்ற கணவாயை மட்டும் கடந்து, சும்தோ, மாஹே வழியாகச் சிந்து ஓரமாகவே இறங்கும் பாதைதான் அவசரத்துக்கு. முதல் நாளே ஓட்டுநரிடம் இதைப் பேசி வையுங்கள். லேயில் எஸ்.என்.எம். மருத்துவமனை இதற்குப் பழகிய இடம்.

அனுமதி, தொலைபேசி

எல்லைப் பகுதிக்குள் போவதற்கான உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) இந்தியக் குடிமக்களுக்கு 2021 முதல் தேவையில்லை. ஆனால் சுற்றுச்சூழல் கட்டணத்தை இணையத்தில் கட்டி, ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். அசல் அடையாள அட்டையும் வேண்டும். விதி அவ்வப்போது மாறும், கிளம்பும் வாரத்தில் லே நிர்வாகத்தின் அனுமதித் தளத்தை ஒருமுறை பாருங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நம்மவர்கள் பதிவுபெற்ற பயண முகவர் வழியாகப் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதி வாங்கியாக வேண்டும்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும், அதுவும் சுமாதாங் தாண்டினால் வந்தால் வரவு. சாட்டிலைட் போனை அனுமதியில்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். எல்லைப் பகுதி என்பதால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

முகாமைத் தேர்ந்தெடுப்பது

மூன்று வகை உண்டு. ஒன்று, கோர்சோக் அருகே பருவம் முழுக்க நிற்கும் ஸ்விஸ் டென்ட் முகாம்: கட்டில், ரஜாய் (பஞ்சுப் போர்வை), இணைந்த கழிப்பறை, சில ஆயிரம் ரூபாய். இரண்டு, ஓர் இரவுக்குப் பல பத்தாயிரம் கேட்கும் பெரிய சொகுசு முகாம். இவை பெரும்பாலும் லே, நுப்ரா பக்கம்தான், சாங்தாங்கில் அரிது. மூன்று, உங்களுக்காகவே அடித்துக் கலைக்கும் நடமாடும் முகாம். சமையல்காரர், உதவியாளர், வழிகாட்டி, குதிரைகள் அல்லது இரண்டாவது வண்டி எல்லாம் கூடவே வரும்.

கையில் காசு இருந்தால் மூன்றாவதைத்தான் சொல்வேன். மேய்ப்பர்கள் இடம் மாறிவிட்டார்கள் என்றால் நம் முகாமும் மாறலாம். நிலையான முகாம் ஏரிக் காட்சிக்காக நிற்பது. ஆடு புல் இருக்கும் இடத்துக்குத்தான் போகும். ஜூலை, ஆகஸ்டில் கோர்சோக் மேய்ப்பர்கள் ஊருக்கு மேலே 'ஃபு' எனப்படும் பள்ளத்தாக்கில் இருப்பார்கள். நடக்கத் தெம்பிருப்பவர்கள் ரும்ட்ஸேயிலிருந்து சோ கார் வழியாகச் சோ மோரிரி வரை ஒரு வாரம் குதிரைகளோடு நடந்தும் வரலாம். வழியில் ராச்சுங்கரு மேய்ச்சல் நிலத்தில் கூடாரங்கள் கண்ணில் படும். ஆனால் கடைசிக் கணவாய் 5,400 மீட்டரைத் தொடும், உடல் பழகியவர்களுக்கு மட்டுமே.

முன்பணம் கட்டும் முன் சில கேள்விகள். நான் தொலைபேசியில் நேராகவே கேட்டுவிடுவேன், பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த ஆளைப் பார்ப்பேன்.

- கழிவுநீர் எங்கே போகிறது? சோ மோரிரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு கிடையாது. உள்ளே போனது உள்ளேயே இருக்கும். மண் போட்டு மூடும் லடாக்கி உலர் கழிப்பறை உள்ள முகாம் என்றால் என் கணக்கில் அதுதான் சொகுசு.
- கூடாரம் ஏரியிலிருந்து எவ்வளவு தூரம்? சோ மோரிரி 2002 முதல் ராம்சார் ஈரநிலம் (உலக முக்கியத்துவம் வாய்ந்தது என்று பட்டியலிட்டது), கரையோரம் கூடாரம் அடிக்கத் தடை. 'படுக்கையிலிருந்தே அலைச் சத்தம் கேட்கும்' என்று ஒருவர் சொன்னால் அவரிடம் போக வேண்டாம்.
- இரவில் தீ மூட்டுவீர்களா? இங்கே மரமே இல்லை. எரிப்பதற்குக் கிடைப்பது வரட்டியும் 'புர்ட்சே' என்ற குத்துச்செடியும்தான். அந்தச் செடி வளர வருடக்கணக்காகும், மேய்ப்பர் வீட்டு அடுப்புக்கு அது வேண்டும். நாம் சுற்றி நின்று பாட்டுப் பாட அதைப் பிடுங்குவது அநியாயம்.
- இடத்துக்கு யாருக்கு, எவ்வளவு கொடுக்கிறீர்கள்? குதிரைக்காரர், உதவியாளர்களில் சாங்பாக்கள் எத்தனை பேர்?
- வெப்பம் எதில்? ஜெனரேட்டர் ஹீட்டர் என்றால் எத்தனை மணிவரை? நான் தங்கிய ஒரு முகாமில் பத்து மணிக்கு அணைத்தார்கள், குளிர் ஏறுவதே அதற்கப்புறம்தான். ரப்பர் வெந்நீர்ப்பை இரண்டு கொடுத்தால் போதும், ஹீட்டரே தேவையில்லை. கூடாரத்துக்குள் கரி அடுப்பு, கேஸ் ஹீட்டர் வைத்துத் தூங்கவே கூடாது.

இன்னொன்று. மதியத்துக்கு மேல் இந்தச் சமவெளியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். மேட்டில் நிமிர்ந்து நிற்கும் கூடாரம் படத்துக்கு அழகு, இரவில் படபடவென்று அடித்துத் தூங்கவிடாது. பள்ளத்தில், கல் அடுக்கிய மறைவில் போட்ட கூடாரமே நல்லது. சாங்பாக்கள் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், விடை அங்கேயே இருக்கிறது.

பத்து நாள் கணக்கு

முதல் இரண்டு நாள் லே. மூன்றாம் நாள் நிம்மு, ஆல்ச்சி, இரவு லே. நான்காம் நாள் உப்ஷி வழியாகச் சுமாதாங். ஐந்தாம் நாள் மாஹே பாலம், சும்தோ, புகாவில் கந்தகம் மணக்கும் வெந்நீர்ச் சதுப்பு, அப்புறம் கோர்சோக். மதியத்துக்குள் முகாம் சேருங்கள், அன்று வேறு எதுவும் வேண்டாம். ஆறு, ஏழு இரண்டும் மேய்ப்பர் நாட்கள். எட்டாம் நாள் போலோகோங்கா லா தாண்டிச் சோ கார், துக்ஜே ஊர், சமத் கூடாரங்கள். ஒன்பதாம் நாள் டெப்ரிங், தங்லாங் லா வழியாக லே. பத்தாம் நாள் காலை விமானம்.

புகாவில் மேய்ப்பர் பிள்ளைகளுக்கான அரசு உறைவிடப் பள்ளி இருக்கிறது. சாக்லேட்டோடு உள்ளே நுழைந்து படம் எடுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. நம் பிள்ளை படிக்கும் வகுப்பறைக்குள் யாராவது அப்படி வந்தால் விடுவோமா?

கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் ஹன்லேயைச் சேர்க்கலாம். அங்குள்ள வானாய்வகத்தை நடத்துவது நம் காவலூர் வானாய்வகத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். 2022-இல் அந்தப் பகுதியை இருள்வான் காப்பகமாக அறிவித்தார்கள். வெளிநாட்டினர் அங்கே போவதற்கான விதி தனி, முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேய்ப்பர் கூடாரத்தில்

முதலில் நாய். சாங்பா கூடாரத்து நாய் நரியையும் ஓநாயையும் விரட்டப் பழகியது, விருந்தாளி என்று அதற்குத் தெரியாது. தள்ளியே நின்று குரல் கொடுங்கள். யாராவது வந்து நாயைப் பிடித்த பிறகு போங்கள்.

'ஜூலே' என்ற ஒரு சொல் வணக்கத்துக்கும் நன்றிக்கும் விடைபெறவும் போதும். பெரியவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். அம்மா வயதுப் பெண் 'ஆமா-லே', அண்ணன் வயது 'அச்சோ-லே', அக்கா 'ஆச்சே-லே', தாத்தா 'மேமே-லே', பாட்டி 'அபி-லே'. அந்த 'லே' நம் 'ங்க' மாதிரி. அதை விட்டுவிட்டால் காதில் உறுத்தும்.

பழைய கூடாரத்துக்கு 'ரெபோ' என்று பெயர். யாக் மயிரைத் திரித்து, பட்டை பட்டையாக நெய்து, தைத்துச் சேர்த்தது. பகலில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் நெசவின் இடுக்கெல்லாம் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். மழை பட்டால் மயிர் ஊதி அந்த இடுக்குகள் மூடிக்கொள்ளும். உச்சியில் புகை போக நீளமான திறப்பு. இப்போது பல குடும்பங்கள் கான்வாஸ் கூடாரத்துக்கு மாறிவிட்டன, ரெபோ ரொம்பக் கனம். கான்வாஸ் கூடாரத்தைப் பார்த்து 'அசல் இல்லையே' என்று முகம் சுளிக்காதீர்கள். நாமும் ஓலைக் குடிசையில் இல்லையே.

உள்ளே நடுவில் அடுப்பு, வாசலுக்கு எதிர்ப்புறம் சாமி மேடை. எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்காருங்கள். சாமி பக்கமோ அடுப்புப் பக்கமோ காலை நீட்டக் கூடாது. அடுப்பில் குப்பை போடக் கூடாது, பிஸ்கட் உறை, டிஷ்யூ எதையும். அடுப்புக்கு ஒரு தெய்வம் உண்டு, அதற்குத் தீட்டு என்பது நம்பிக்கை.

உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர் வரும். முதல் வாயிலேயே தேநீர் என்று நினைத்தால் ஏமாற்றம், சூப் என்று நினைத்தால் ருசி. ஒரு மிடறு குடித்ததும் 'தொன்-லே, தொன்-லே' என்று சொல்லித் திரும்ப நிரப்புவார்கள். போதும் என்றால் கோப்பையை நிரம்பியபடியே விட்டு, கிளம்பும்போது குடித்து முடியுங்கள். வறுத்த வாற்கோதுமை மாவும் கல் மாதிரிக் காய்ந்த 'சுர்பே' பாலாடையும் கிடைக்கும். சுர்பேயைக் கடித்துவிடாதீர்கள், வாயில் ஒதுக்கி வையுங்கள்.

பால் கறக்கும் நேரத்தை மட்டும் தவறவிட வேண்டாம். மந்தை மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன்னும், சாயங்காலம் திரும்பிய பின்னும். பெண் ஆடுகளை இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்தி, ஒன்றன் கழுத்தை இன்னொன்றின் கழுத்தோடு கோத்து, ஒரே கயிற்றில் பின்னிக்கொண்டே போவார்கள். தலைகள் எல்லாம் நடுவில் ஜடை போட்ட மாதிரி இருக்க, பின்பக்கம் குனிந்து ஒவ்வொன்றாகக் கறந்துகொண்டு போவார்கள். ஓர் ஆட்டில் ஒரு கைப்பிடி பால்தான். எல்லாம் முடிந்ததும் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பு. சரசரவென்று முடிச்சுகள் கழன்று, அத்தனை ஆடும் ஒரே நேரத்தில் தலையை உதறிக்கொண்டு ஓடும். அப்போது கேமராவோடு நடுவில் நிற்காதீர்கள், நான் நின்று விழுந்தேன்.

இது அவர்களின் அவசர நேரம். ஓரமாக நில்லுங்கள். படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். பட்டியில் கல் எடுத்துக் கொடுக்க, குட்டி பிடிக்க அழைத்தால் போங்கள், நீங்களாக இறங்கி உதவி செய்கிறேன் பேர்வழி என்று மந்தையைக் கலைக்க வேண்டாம்.

கொடுப்பதும் வாங்குவதும்

பிள்ளைகள் கையில் காசு, மிட்டாய் வேண்டாம். லேயிலிருந்து வரும்போது தக்காளி, முட்டைக்கோஸ், ஆப்பிள் என்று ஒரு பை வாங்கி வந்து வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள், மேலே காய்கறி, பழம் கிடைப்பது அரிது. அரை நாள் அவர்களோடு இருந்தால் அதற்கு என்ன கொடுப்பது என்பதை வழிகாட்டி முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். முகாம்காரருக்குக் கொடுத்த பணத்தில் அது தானாக வராது. சுர்பே, வெண்ணெய் வாங்கினால் சொன்ன விலைக்கு வாங்குங்கள்.

பஷ்மினா சால்வை மேய்ப்பர் கூடாரத்தில் கிடைக்காது, அவர்கள் விற்பது சீவிய மயிரைத்தான். லேயில் லூம்ஸ் ஆஃப் லடாக் போன்ற பெண்கள் கூட்டுறவுக் கடைகளில் பார்க்கலாம். 'ஷாதூஷ்' என்று யாராவது காதோடு சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். அது சிரு மானைக் கொன்று எடுப்பது, வாங்குவதும் குற்றம்.

மூட்டையில்

ஒரு தடித்த ஜாக்கெட்டைவிட நான்கு மெல்லிய அடுக்குகள் மேல். காது மூடும் குல்லா, கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்குக் களிம்பு, தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க். தண்ணீர்க் குடுவை ஒன்று, பிளாஸ்டிக் பாட்டில் வேண்டவே வேண்டாம். பைனாகுலர் அவசியம்: கியாங் காட்டுக்கழுதைக் கூட்டம், கருங்கழுத்துக் கொக்கு, அப்புறம் வரித்தலை வாத்து. இந்த வாத்து இனம்தான் குளிர்காலத்தில் நம் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. இங்கே ஏரியில் குஞ்சோடு நீந்துவதைப் பார்க்கும்போது ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். குஞ்சு இருக்கும் பருவத்தில் கரையை விட்டுத் தள்ளியே நில்லுங்கள். எஞ்சிய உணவைத் தெருநாய்க்குப் போடாதீர்கள், கொக்கின் முட்டைக்கும் குஞ்சுக்கும் அவைதான் எமன்.

பருப்புப் பொடி, ஊறுகாய் கொஞ்சம். 4,500 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. டிகாக்‌ஷனுக்கு மட்டும் அது போதும். ஃபில்டரைக் கொண்டு போனேன், வருத்தப்படவில்லை.

திரும்பும்போது

கொண்டு போன குப்பை அத்தனையும் லேவரை உங்கள் வண்டியில் வர வேண்டும். கிளம்பும் முன் முகாம் இருந்த இடத்தை ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள், ஆடு விழுங்கும் பிளாஸ்டிக் துண்டு எப்படியும் ஒன்றிரண்டு கிடக்கும்.

படம் அனுப்புகிறேன் என்று யாரிடமாவது சொல்லியிருந்தால் லேயிலேயே பிரிண்ட் போட்டுவிடுங்கள், மெயின் பஜாரில் கடை இருக்கிறது. பின்பக்கம் குடும்பத் தலைவர் பெயரை எழுதி ஓட்டுநரிடம் கொடுத்தால் போதும். கோர்சோக் பக்கம் போகும் அடுத்த வண்டியில், பள்ளத்தாக்கு மாறியிருந்தாலும் தேடிப் போய்ச் சேர்ந்துவிடும்.